உம்மாவின் பகல் மருந்து

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு நோன்பு மாதத்தில், கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

உம்மாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரை போயிருந்தது. இனிக் குணமாக்க முடியாது, வலியில்லாமல் வைத்திருக்கலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் குடிக்கும் மோர்ஃபின் பாணி மருந்து தந்தார்கள். வலி வந்தபின் அல்ல, வருமுன்பே மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நோன்பு வந்ததும் உம்மா பகல் மருந்தை நிறுத்திவிட்டார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மௌலவியே வந்து சொல்லியும் கேட்கவில்லை. பின்னேரமானால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு கிடப்பார். வலிக்குதா என்று நான் கேட்டால், "எனக்கு ஒண்டுமில்ல மகள்" என்பார்.

ஆனால் மருதமுனையிலிருந்து வரும் மதினியிடம், அதாவது என் மூத்த சகோதரர் காக்காவின் மனைவியிடம் மட்டும் எந்த இடம், எப்படிக் குத்துகிறது, எல்லாம் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் வீடு மகளுக்கு, உம்மாவும் மகளோடுதான். கழுவித் துடைப்பது நான், கதை கேட்பது மதினியா?

ஒருநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மதினி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு உம்மாவின் அறைக்குள் போனார். அவருக்கு மாதவிலக்கு, நோன்பில்லை. அந்த நாட்களில் நாங்கள் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் காணாமல்தான் வாயில் எதையும் வைப்போம். அவ்வளவு வெட்கம். மதினியோ கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மாமி, எனக்கும் நோம்பில்ல. தனியக் குடிக்க ஒரு மாதிரியா இருக்கு. என்னோட குடிங்களன்."

உம்மா சிரித்தார். மருந்தைக் குடித்தார், பிறகு தேத்தண்ணியையும். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில் நான் எட்டிப் பார்த்தபோது, சட்டத்தை விட்டுக் கை தளர்ந்து, நல்ல நித்திரை. சந்தோஷப்பட வேண்டிய நான் குசினிக்குள் போய் அழுதேன். பொறாமையில்தான் அழுதேன், வேறொன்றுமில்லை.

அதன்பின் உம்மா பகல் மருந்தை மறுக்கவில்லை. மதினி திரும்ப நோன்பு பிடிக்கத் தொடங்கியதும் மருந்தைத் தனியே குடித்தார். தேத்தண்ணியை மட்டும் தொடவில்லை. ஒருநாள் என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டார்:

"ஒங்களுக்கு எப்ப மகள் நோம்பில்லாம வரும்?"

அந்த நாள் வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வந்ததும் இரண்டு கோப்பையோடு போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். எங்கே வலிக்கிறது என்று அன்றைக்கு உம்மா எனக்கும் சொன்னார்.

உம்மா இப்போது இல்லை. ஒவ்வொரு நோன்பிலும் மதினிக்காக மனதாரத் துஆக் கேட்கிறேன். ஆனாலும் அந்த முதல் கோப்பையை நான் கொண்டுபோயிருக்கலாமே என்று மனம் இன்றைக்கும் கிடந்து அடித்துக்கொள்கிறது.