ஏழாம் காம்பராக் கதவு

உலகத்தை முதன்முதலில் அழித்தவர் லியனார்ட்தான். அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் குண்டைச் செய்து வைத்துக்கொண்டு இன்றைக்கா நாளைக்கா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுகிற இந்த மனுசன், எழுபத்து மூன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கும் பகல் சோற்றுக்கும் இடையில் முழு உலகத்தையும் முடித்துவிட்டார். சோறு என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. அந்த வருசம் மரவள்ளிக்கிழங்கு கிடைத்தாலே விருந்து.

அழிந்த உலகத்துக்குப் பெயர் 'கடைசி லயம்'. படக்கதை. தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற தாளில், பெட்டிக்குப் பூசுகிற கறுப்பு மையால் வரைந்து, சாக்கு நூலால் தைத்தது. எல்லாம் எரிந்த பிறகு, குடும்பத்துக்கு ஒரு அறை என்று பன்னிரண்டு காம்பரா உள்ள ஒரு லயம் மட்டும் மிஞ்சுகிறது. துரை இல்லை. பங்களா இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும். பறிக்கக் கொழுந்தும் இல்லை. ஆனாலும் விடிந்ததும் எல்லாரும் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். காது எரிந்துபோன கணக்கப்பிள்ளை ஒருவர் பெயர் கூப்பிடுவார். யார் பதில் சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

ஒவ்வொரு இதழும் ஒரே பிரதி. துரை கண்ணில் பட்டால் வேலை போய்விடும் என்பதால் அது கொழுந்துக் கூடையின் அடியில் கிடந்து எல்லா லயத்தையும் சுற்றி வரும். கொழுந்து முற்றலா என்று கங்காணி செல்லசாமி கூடைக்குள் கையை விட்டுப் பார்க்கும்போது, அவருடைய படமே அவர் கைக்கு நாலு விரற்கடை கீழே இருக்கும்.

படத்துக் காம்பராக்கள் எல்லாம் லியனார்டின் லயத்துக் காம்பராக்களேதான். இரு நாட்டு ஒப்பந்தப்படி ஒரு குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறினால், படத்திலும் அந்தக் கதவை மூடிக் குறுக்கே இரண்டு பலகை அடித்துவிடுவார். எழுபத்தாறில் அவருடைய மகள் பெற்றீசியா புருசனோடு போனாள். பத்தொன்பதாம் இதழில் ஏழாம் காம்பராவுக்குப் பலகை அடித்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் வரையவில்லை.

அப்போது எட்டாம் காம்பரா ஐவிக்கு எட்டு வயது. பெற்றீசியா அக்காவின் இடுப்பில் வளர்ந்தவள். இப்போது பதினாறு. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கிறாள். கங்காணியின் குடைக்குள் தவளையைச் சுருட்டி வைத்தவள் என்று பக்கத்துத் தோட்டம் வரை பெயர்.

எண்பத்து நாலில் லியனார்டுக்கும் கப்பலுக்கு நாள் வந்தது. கட்டிலைக் கொடுத்தார், கோழிகளைக் கொடுத்தார். தோட்டமே தலவாக்கலை ஸ்டேசன் வரை போய், மாலை போட்டு, கட்டிப்பிடித்து அழுதது. அநுராதபுரம் வரைதான் போனார். வடக்கே கலவரம், கப்பல் நின்றுவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். அழுது முடித்த கண்கள் காய்வதற்குள் அதே தகரப் பெட்டியோடு மனுசன் வந்து நிற்கிறார். கொடுத்த கட்டிலைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

பேரேட்டில் அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். இந்தியாவுக்குப் போனவர் பெயரை மறுபடி எழுத வழியில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் தினமும் விடியற்காலையில் பெரட்டு வரிசையின் கடைசியில் போய் நிற்பார். எல்லார் பெயரும் கூப்பிட்டு முடியும். அவர் திரும்பி வருவார். வரிசையில் முன்னால் நிற்கிற ஐவி திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்து என்ன செய்வது?

அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். தொழிற்சாலை கூட்டுகிற ராக்காயியிடம் மையும் தாளும் வாங்கி இருபதாம் இதழைப் போட்டுவிட்டாள். அட்டையில் லியனார்ட் பெயர். உள்ளே கணக்கப்பிள்ளைக்குக் காது முளைக்கிறது. கங்காணியின் குடையில் தவளை உட்கார்ந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஏழாம் காம்பராவின் பலகை விழுந்து, கதவு திறந்து, வாசலில் பெற்றீசியா நிற்கிறாள்.

கூடைக்குக் கூடை இதழ் பறந்தது. கூடக் கொழுந்து பறிக்கிற அம்மாக்கண்ணு அதைப் பார்த்துவிட்டு, லியனார்ட் அண்ணனுக்குக் கை திரும்பிவிட்டது என்று மலை முழுக்கச் சொன்னாள். எட்டு வருசமாகச் சிரிக்காதவர்கள் சிரித்தார்கள். லியனார்ட் மறுக்கவில்லை. தான் போட்ட இதழைத் தானும் ஒருதரம் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த ஐவியை வாசலில் நிறுத்தினார். இதழ் மடியில் இருந்தது.

"நல்லாப் போட்டிருக்கீங்க மாமா," என்று அவளே முந்திக்கொண்டாள்.

அவர் பக்கத்தின் ஓரத்தைக் காட்டினார். "இது என்னா கறை?"

"கொழுந்துக் கறை. படிச்சவங்க கையில இருந்திருக்கும்."

"படிச்சவங்க கறை மைக்கு மேல இருக்கும் புள்ள. இது மைக்கு அடியில இருக்கு."

"கொழுந்து பறிக்கிறவங்க இருநூறு பேரு இருக்காங்களே."

"குடைக்குள்ள தவளைய வச்சவ ஒருத்திதான்."

ஐவி கறுத்த விரல்களைப் பாவாடையில் துடைத்தாள். நாலு வருசத்துக் கறை, போகவில்லை. "சும்மா, சிரிக்கத்தான் மாமா," என்றாள்.

லியனார்ட் கடைசிப் பக்கத்தைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். திறந்த கதவு இருந்த இடத்தில் தாள் தேய்ந்து, அந்தப் பக்கத்து மலை தெரிந்தது.

"தவளைய ஒரே இழுப்புல போட்டிருக்க. இந்தக் கதவ மட்டும் நாலு தரம் அழிச்சுப் போட்டிருக்க," என்றார். "சிரிக்கிறதுக்கு யாரு புள்ள நாலு தரம் அழிப்பாங்க?"