அம்மாவின் உயிலும் கிழக்கு வீட்டு மாமியும்

எங்கள் அம்மா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைவடைகிறது. அவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி அண்ணன் என்னிடம் சொன்னார். நல்லது நிறைய உண்டு. ஆனால் பதினொரு மாதம் எங்களை உயில் தேட வைத்ததையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா பிறந்தது பொழியூரில். சிறுவயதில் கடல் ஏறி வீட்டைக் கொண்டுபோனது. பெட்டியில் இருந்த வீட்டு ஆதாரப் பத்திரமும் போனது. அன்றிலிருந்து அம்மா எந்தக் காகிதத்தையும் வீட்டில் வைக்கப் பயப்படுவார்கள். குளத்தூரில் வாழ்க்கைப்பட்டு, தங்கைக்கு இரண்டு வயதாகும்போது அப்பாவை இழந்து, தையல் தைத்தே எங்கள் மூவரையும் ஆளாக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இதுதான்: “வில்லு எழுதி வச்சிருக்கேன் மக்கா. நம்பிக்கையான எடத்துல ஆக்கும் இருக்கு.” எங்கே என்று கேட்பதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார். அதன்பின் அம்மா கண் திறக்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் கேட்டோம், அங்கே பதியவில்லை. தையல் இயந்திரத்தைக் கழற்றினோம். தலையணைகளைக் கிழித்தோம், அண்ணன் ஒரு வாரம் தும்மினார். பரணில் ஏறியவருக்குக் கிடைத்தது, தொலைந்துபோனதாக அவர் சத்தியம் செய்திருந்த ஏழாம் வகுப்பு மார்க் அட்டை. கணக்கில் ஒன்பது. அவருடைய பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

அந்தக் கோபத்திலோ என்னவோ, அம்மாவைக் கடைசிவரை கூடவே இருந்து பார்த்த தங்கையிடம், “நீதானே கூட இருந்தே. உனக்குத் தெரியாம எங்க போவும்?” என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. உயில் போனாலும் போகட்டும், இவர்கள் பேசினால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு.

நினைவு நாள் ஜெபத்துக்கு அயல்வீடுகளை அழைக்கப் புறப்பட்டபோது போதகர் சொன்னார்: “கிழக்கு வீட்டையும் விட்டிராதே.”

எல்லையில் நிற்கும் பிலா மரம் யாருடையது என்று அம்மாவும் கிழக்கு வீட்டு மாமியும் பதினாறு வருடம் பேசாமல் இருந்தவர்கள். அடக்கத்தன்று மாமி பின்னால் வந்து நின்றதை நாங்கள் கண்டும் காணாததுபோல் இருந்தோம். கூச்சத்தோடுதான் போனேன்.

“இப்பமாவது வரத் தோணிச்சே!” என்று மாமி உள்ளே போய், கல்யாணச் சேலை மடிப்பிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து வந்தார்.

“மாமி, அம்மா இத உங்ககிட்டயா தந்தா?”

“‘உனக்கு என்னக் கண்டா ஆவாது. அதனால எனக்க பிள்ளையளுக்கு எரக்கப்பட்டு, நான் சாவதுக்கு முந்தியே காட்டிக் குடுக்க மாட்டே’ன்னு சொல்லித் தந்தாளாக்கும். பதினாறு வருசத்துல பேசினது அந்த ஒருக்காதான். வந்து கேட்டா குடுக்கச் சொன்னா. நீங்க ஒருத்தரும் எனக்க முற்றத்துல கால் வைக்கல்லியே!”

மாமியையும் எங்கள் வீட்டில் இருத்தி, போதகர் உயிலை வாசித்தார். வீடு தங்கைக்கு, திருப்புறம் ஊரிலுள்ள நிலம் அண்ணனுக்கும் எனக்கும். கடைசி வரி: “எல்லைப் பிலா முழுவதும் எங்களுடையது. கிழக்கு வீட்டுக்காரிக்கு ஒரு சுளைக்கும் உரிமை இல்லை.”

“கண்டியளா! செத்த பெறவும் இவளுக்க வாய் அடங்கல்ல!” என்று மாமி சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார்.

அண்ணன் எழுந்து தங்கையிடம் போனார். “தப்பு எனக்கதான், மக்கா.” அவள் அவருக்குச் சோறு போட்டாள். மீன்கறியை மட்டும் வேண்டுமென்றே குறைத்து ஊற்றினாள்.

அம்மாவைப் பராமரித்த நர்ஸ்மாருக்கும், போதகருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த ஊராருக்கும் எங்கள் நன்றி. ஒரு வருடம் கவரைப் பிரிக்காமல் காத்த மாமிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நினைவு ஆராதனையில் அவர் எங்கள் மூவருக்கும் நடுவில் உட்காருவார். அம்மா பொறுத்துக்கொள்ளட்டும்.