வெள்ளை லைட் பூட்டிய அன்று

2023 ஜனவரி 14, சனிக்கிழமை. சுபஹு தொழுதுவிட்டு வந்து, முற்றத்தில் தேங்கிய மழைத்தண்ணீரைக் காணுக்குள் தள்ளிவிட்டு, தேத்தண்ணீர் குடித்து, மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். பிறகு கல்முனைக்குப் போய் கியூஆர் கோட்டைக் காட்டி அந்தக் கிழமைக்கான பங்கீட்டுப் பெற்றோலை அடித்தேன். சனிக்கிழமைகளில் நான் இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை. அரச அலுவலகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருப்பவனுக்கு ஒழுங்குதான் சோறு போடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் பதற்றத்தில் இருக்கவில்லை, காய்ச்சலில் இருக்கவில்லை, பசியிலும் இருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும். ஜின்கள் உண்டு என்பது மார்க்கத்தில் உள்ளது, அதில் எனக்குக் கதையில்லை. ஆனால் சந்திக்குச் சந்தி ஆட்கள் சொல்லும் வெள்ளை உருவம், காலில்லாத மனுசன், பாலத்தடியில் அழுத பெண் ஆகியவற்றில் ஒன்றையும் நான் ஒருநாளும் நம்பியதில்லை. சொல்பவர்களின் முகத்துக்கு நேரே சிரித்தும் இருக்கிறேன். நீங்களும் இதை வாசித்துச் சிரிக்கலாம். அது உங்களுடைய உரிமை.

எனக்கு அதற்கு முந்தின வருடமே கண்ணில் வெண்படலம் விழத் தொடங்கியிருந்தது. பகலில் குறையில்லை, இருட்டினால்தான் எல்லாம் ஈரக் கண்ணாடிக்கு அங்கால் இருப்பதுபோல் தெரியும். அறுவடை முடிய ஒப்பரேஷன் செய்வோம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். முந்தின மாதம் மஃரிபு நேரம், பொழுது சாய்ந்தபின், வயலிலிருந்து வரும்போது வரம்பில் சாய்ந்து விழுந்து, ஹெட்லைட் கூடு ஒரு பக்கம் சரிந்து, விலாவிலும் அடிபட்டு வந்தேன். என் மனைவி றஹ்மா எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்.

"இன்னொருக்கா இப்பிடி வந்தீங்க எண்டா காணியக் குத்தகைக்குக் குடுக்கிற. சைக்கிள் சாவி என்ட அலுமாரிக்குள்ள."

வரிப்பத்தான்சேனைப் பக்கமுள்ள அந்த வயல் அவளுடைய சீதனக் காணி. ஆகவே அவள் சொன்னால் அது வெறும் பேச்சில்லை. எனக்கோ கிழமை முழுதும் அலுவலகத்தில் ஆணி, கடதாசி, டயர் என்று எடுத்துக் கொடுத்தபிறகு, அந்த வயலுக்குப் போய் வருவதுதான் மூச்சு. அதை விடமுடியாது. அதனால்தான் கண்ணுக்குப் பதிலாக லைட்டை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

பெற்றோல் அடித்த கையோடு மெக்கானிக் றியாஸின் கடைக்குப் போனேன். எங்களூர்ப் பொடியன், கை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். மூத்தவர்களை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

"காக்கா, உங்கட சைக்கிள்ல ஹெட்லைட்டுக்குக் கரண்ட் கொயில்ல இருந்து நேரா வருது. இஞ்சின் உறுமினா எரியும், தூங்கினா அதுவும் தூங்கும். எல்ஈடிய பெற்றரில குடுத்தா எப்பவும் ஒரே வெளிச்சம்."

அது உண்மைதான். பள்ளம் திட்டியில் வேகம் குறைக்கும்போது லைட் மங்கிவிடும். அப்போது கிளச்சைப் பிடித்துக்கொண்டு அக்சிலேட்டரை மெல்ல முறுக்கி முறுக்கி விடுவேன், வெளிச்சம் எழும்பும், விழும், மறுபடி எழும்பும். பல வருடப் பழக்கம். தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் அதை வைத்தே நான் வருகிறேன் என்று அறிவார்கள்.

ஹெட்லைட்டுக்கு எல்ஈடி பல்ப், கீழே கம்பிக் காவலில் இரண்டு ஃபொக் லைட். றியாஸ் ஃபொக் லைட்டுக்கு மஞ்சள் எடுக்கச் சொன்னான்.

"மழைக்கு மஞ்சள்தான் காக்கா நல்லம். வெள்ளை, தண்ணியில பட்டு உங்கட கண்ணுக்கே திரும்பி வரும்."

நான் கேட்கவில்லை. கரைவாகுப் பக்கம் ஓடும் சைக்கிள் எல்லாம் வெள்ளைதான் பூட்டியிருக்கின்றன, குறைந்த கண்ணுக்குக் கூடின வெளிச்சம்தானே வேண்டும் என்பது என் கணக்கு. "மஞ்சள் எண்டா பழசு மாதிரியே இரிக்கும், எல்லாம் வெள்ளையாப் போடு" என்றேன்.

பூட்டி முடித்தபிறகு, வித்தியாசத்தைக் காட்டவென்று என் பழைய பல்பை பெற்றரியில் கொடுத்து, கடையின் இருண்ட மூலையில் புதிய வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அடித்துக் காட்டினான். இதைக் கவனித்துக் கொள்ளுங்கள். பழைய பல்ப் அப்போது நன்றாக எரிந்தது. "இஞ்ச பாருங்க, தேசிக்காத் தண்ணி மாதிரி" என்று அதன் மங்கல் மஞ்சளைக் காட்டிச் சிரித்தான். வீசட்டுமா என்று கேட்டான். நல்ல சாமானை ஏன் வீசவேண்டும், பேப்பரில் சுற்றி சீற்றுக்குப் பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அலியார் காக்கா கோல் எடுத்தார். எங்கள் வயலுக்கும் பக்கத்து வயலுக்கும் அவர்தான் காவல். யானை வராமல் பார்க்க வாடிக் குடில் போட்டு அங்கேயே படுப்பவர்.

"தம்பி, தண்ணி ஏறிக்கொண்டு வருது. வக்கடைய வெட்டிவிடாட்டி கதிர் படுத்திரும். மண் மூடை பாரம், என்னால தனியத் தூக்க ஏலா. வாறீங்களா?"

வக்கடை என்றால் வரம்பில் தண்ணீர் வடிய விடும் வாய். கதிர் பால் பிடித்திருந்த நேரம். நான் புறப்பட்டபோது றஹ்மா புதிய லைட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "வெளிச்சம் கூடத்தான். கண் உங்கடது தானே" என்றாள். தடுக்கவில்லை.

சம்மாந்துறையில் மஃரிபு தொழுதேன். வீரமுனையில் மறுநாள் பொங்கல், கடை வாசலெல்லாம் பானையும் கரும்பும், ஆட்கள் சந்தோஷமாக நின்றார்கள். புதிய லைட் தெருவையே பகலாக்கிக்கொண்டு போனது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை. எதிரே வந்த ஆட்டோக்காரன் ஒருவன் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நிறுத்தினான்.

"என்ன காக்கா, கல்யாண வீட்டுக்கு லைட் கட்டப் போறீங்களா? தணியுங்க, நாங்களும் வீட்ட போய்ச் சேரோணும்."

தணித்தேன். தணித்தும் அவனுக்குப் போதவில்லை. பழைய கூட்டுக்குள் புதிய பல்பைப் போட்டால் ஒளி ஒழுங்கில்லாமல் எல்லாப் பக்கமும் சிதறும் என்று அப்போதுதான் விளங்கியது.

பெருந்தெருவை விட்டு வாய்க்கால் கட்டில் ஏறியபோது தூறல் தொடங்கியது. கட்டு என்பது ஒரு சைக்கிள் போகவும் இன்னொன்று ஓரத்தில் ஒதுங்கி நிற்கவும் மட்டுமே அகலமான மண்பாதை, ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். கொஞ்சத் தூரத்தில் றியாஸ் சொன்னது நடந்தது. தூறலும் வயலில் இருந்து எழும்பிய ஆவியும் என் வெளிச்சத்தை வாங்கி எனக்கே திருப்பி எறிந்தன. முன்னால் வெள்ளைச் சுவர். பழைய மஞ்சளில் தெரிந்த கட்டின் ஓரப் புல்கூட அந்த வெள்ளையில் தெரியவில்லை. ஆனாலும் போனேன், பழகிய பாதை என்ற தைரியத்தில், கொஞ்சம் வேகமாகவே.

அப்போது எதிரே ஒரு வெளிச்சம் கண்டேன். ஒற்றை லைட், மஞ்சள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டில் இரண்டு சைக்கிள் சந்தித்தால், வயலுக்குப் போகிறவன்தான் ஓரமாக நின்று லைட்டைத் தணிக்கவேண்டும். வயலிலிருந்து வருகிறவன் களைத்து வருவான், சுமையோடு வருவான், வழி அவனுக்கு. சிறுபிள்ளையும் அறிந்த முறை. நானும் நின்றேன். தணித்தால் போதாது என்று ஆட்டோக்காரன் காட்டியிருந்தபடியால், ஹெட்லைட், ஃபொக் லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். எஞ்சினையும் நிறுத்தினேன். கால் ஊன்றிக் காத்திருந்தேன்.

அது வந்தது. பள்ளத்தில் இறங்கி மங்கியது, பிறகு எழும்பியது, விழுந்தது, மறுபடி எழும்பியது. கிளச்சைப் பிடித்து முறுக்கி முறுக்கி விடும் ஒருவனின் கை அதில் தெரிந்தது. வெளிச்சம் கொஞ்சம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, ஆரோ பழகிய ஆள் வருகிறார் என்ற எண்ணம்தான் வந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. வெளிச்சம் உறுமுகிறது, ஆனால் சத்தம் இல்லை. எஞ்சின் சத்தமே இல்லை.

ஸலாம் சொன்னேன். அது ஒரு வீட்டு வளவின் தூரத்தில் நின்றது, ஒருமுறை தணிந்தது, வழிவிட்டவனுக்கு நன்றி சொல்ல எங்கள் ஆட்கள் தணிப்பதுபோல. பிறகு அணைந்தது. எல்ஈடி பட்டென்று அணையும். இது அப்படியில்லை, மஞ்சள் சிவப்பாகி, உள்ளே கம்பி ஆறுவதுபோல மெல்ல மெல்ல இருட்டோடு சேர்ந்தது.

நான் அசையாமல் இருந்தேன். கண் இருட்டுக்குப் பழகியது, காதும் திறந்தது. அப்போதுதான் முன்னால் தண்ணீர் இரைவது கேட்டது. வாய்க்கால் ஓடும் சத்தமில்லை, விழும் சத்தம். இறங்கி ஃபோன் டோர்ச்சைக் கீழே பிடித்துக்கொண்டு நடந்தேன். முன் சில்லிலிருந்து ஒரு பாய் விரிக்கும் நீளத்துக்கு அப்பால் கட்டு இல்லை. மதகோடு சேர்த்து உடைந்து, வாய்க்கால் முழுதும் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. நான் வந்த வேகத்தில் அந்த வெள்ளைச் சுவருக்குள் போயிருந்தால், இதை எழுத ஆள் இருந்திருக்காது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு அந்த ஈர மண்ணிலேயே குந்திவிட்டேன்.

எதிரே வந்தவர் விழுந்தாரோ என்று கூப்பிட்டுப் பார்த்தேன், உடைவின் அடியில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. அந்தக் கட்டில் திரும்பி இறங்க வேறு வழியும் இல்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பெருந்தெருவுக்கு வந்தேன். அங்கேதான் சிக்னல் கிடைத்தது. நான் எடுக்குமுன் அலியார் காக்காவின் கோல் வந்தது.

"ஏன் தம்பி திரும்பிப் போனீங்க? தேத்தண்ணி வெச்சி ஆறிப் போச்சி."

"நான் வரவே இல்லையே காக்கா. கட்டு உடைஞ்சி கிடக்குது."

"என்ன கதை கதைக்கிறீங்க? உங்கட லைட்ட எனக்குத் தெரியாதா? வாடிக்குக் கிட்ட வந்து நிண்டு, மறுகா திரும்பிக் கட்டு வழியாப் போச்சி. நானும் டோர்ச் காட்டின."

"சைக்கிள் சத்தம் கேட்டிச்சா?"

"மழை தானே தம்பி."

"காக்கா, நான் இண்டைக்குக் காலையில லைட்ட மாத்திட்டன். வெள்ளை பூட்டியிருக்கன்."

அவர் பிஸ்மி சொல்லிக்கொள்வது கேட்டது. பிறகு, "பக்கத்து வயல்காரரும் வந்திட்டாரு, வக்கடைய நாங்க வெட்டிட்டம். நீங்க பாத்துப் போங்க. பகல்ல கதைப்பம்" என்றார்.

வீட்டுக்கு வந்து றஹ்மாவிடம் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டாள், கேட்டாள், சாவியை ஆணியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். தடுக்க எனக்கு முகமில்லை.

இப்போது கண் ஒப்பரேஷன் முடிந்து நன்றாக இருக்கிறேன். ஃபொக் லைட்டை மஞ்சளாக மாற்றி, கீழ்நோக்கிச் சரித்துவிட்டேன். கட்டையும் கொங்கிறீற்று வைத்துக் கட்டிவிட்டார்கள். வயல் இன்னும் எங்கள் கையில். கண் குறைந்தவனுக்கு மழையில் ஏதோ தோன்றியது என்று நீங்கள் சொல்லலாம், நானே எனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அலியார் காக்காவின் கண்ணில் குறையில்லை. அவர் சொன்னதையும் ஒருவேளை வேறு யாரோ என்று தள்ளிவிடலாம். எனக்கு இன்றைக்கும் தள்ள முடியாமல் இருப்பது மறுநாள் காலை நான் பார்த்ததைத்தான்.

சுபஹு தொழுதுவிட்டு வந்து, முற்றத்தைத் தொடாமல், தேத்தண்ணீர் குடிக்காமல், நான் முதலில் செய்தது இதுதான். பையைத் திறந்து பேப்பரைப் பிரித்து அந்தப் பழைய பல்பை எடுத்து, இரண்டு வயர்த்துண்டால் பெற்றரியில் கொடுத்தேன். எரியவில்லை. ஹைக்கும் கொடுத்தேன், டிம்முக்கும் கொடுத்தேன். வானத்தின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே இரண்டு கம்பியும் அறுந்து கிடந்தன. கண்ணாடி உடையவில்லை, கீறவும் இல்லை. ஆனால் உட்பக்கம் முழுதும் கறுத்திருந்தது, நெடுநேரம் எரிந்து எரிந்து தீர்ந்த பல்ப் கறுப்பதுபோல.

றஹ்மா பின்னால் வந்து நின்றிருக்கிறாள். என் கையிலிருந்து அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்துக் கடையில எரிஞ்சதா?"

"ஓம். நான் பாத்த."

அவள் உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. வந்து சாவியைப் பழையபடி ஆணியில் மாட்டினாள்.

"றியாஸ்ட கடைக்குப் போகக்குள்ள இதே மாதிரி மஞ்சள் பல்ப் ஒண்டு புதுசா வாங்கிப் பையில போட்டுக்கங்க" என்றாள். "இது முடிஞ்சிட்டுது தானே."