கடிக்கிற பிள்ளைக்கு ஒரு நர்சரி

எங்கள் மகளுக்கு மூன்றரை வயதானபோது அவளிடம் கெட்ட பழக்கம் என்று ஒன்றுதான் இருந்தது. கோபம் வந்தால் கடிப்பாள். கத்த மாட்டாள், அழ மாட்டாள். அமைதியாகக் கிட்டே வந்து, கையைப் பிடித்துக் கடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து விளையாட்டைத் தொடர்வாள். கரையான்சாவடியில் எங்கள் தெருப் பிள்ளைகள் அவள் கேட்பதற்கு முன்பே பந்தைக் கொடுத்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவளை எந்தப் பள்ளியின் நர்சரியில் சேர்ப்பது என்று நானும் என் கணவரும் யோசிக்க ஆரம்பித்தோம். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, தேறியது எது, தேறாதது எது என்று பிரித்து வைப்பது அவர் பொறுப்பு. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓயாது. தோசை ஒரு ஓரத்தில் தடிமனாக இருக்கிறது என்று, சுட்டவளிடமே சொல்லக்கூடிய மனிதர்.

முதலில் நசரத்பேட்டைப் பக்கம், ஹைவேயை ஒட்டிய ஒரு பெரிய பள்ளிக்குப் போனோம். கொரட்டூரில் இருக்கும் என் நாத்தனார் தன் மகனை அதே மாதிரி ஒரு பள்ளியில்தான் படிக்க வைக்கிறாள். அதனால் என் கணவருக்குப் பாதி மனசு அங்கேயே போயிருந்தது. வண்டியில் போகும்போதே எனக்கு ஒரு உத்தரவும் வந்தது. கடிக்கிற விஷயத்தை நாமாகச் சொல்ல வேண்டாம், கேட்டால் சொல்லலாம் என்றார். உங்கள் பிள்ளை கடிக்குமா என்று உலகத்தில் யார் கேட்பார்கள்?

அங்கே அவர் கேட்டின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தார். குழாய்களைத் திறந்து மூடினார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார். கழிவறையை முகர்ந்துவிட்டு வந்து திருப்தியாகத் தலையாட்டினார். வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் வாயில் விரலை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு ஒழுங்கு பார் என்றார். மூன்று வயதுப் பிள்ளைகள் அப்படி இருந்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருகிறது என்றேன். அங்கிருந்த மேடம் எங்கள் மகளிடம் ஆங்கிலத்தில் பேர் கேட்டார். இவள் பதில் சொல்லாமல், "உங்க பேரு என்ன?" என்று திருப்பிக் கேட்டாள். குழந்தைக்குக் கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி போலிருக்கிறது என்று மேடம் சிரிக்காமல் சொன்னார்.

அடுத்தது பூந்தமல்லியில், வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு சின்னப் பள்ளி. நர்சரியின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. சுவரில் பெயிண்ட் உதிர்ந்திருப்பதையும், ஒரு பையன் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு போட்டிருப்பதையும் என் கணவர் உள்ளே நுழைவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும், நல்ல உரத்த குரல். உட்காரச் சொல்லிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கோபம் வந்தா பாப்பா என்ன பண்ணும்?"

கோபமெல்லாம் பெரிசாக வராது என்று என் கணவர் இழுக்க ஆரம்பித்தார். நான், "கடிப்பா டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

தயிர்சாதம் பிடிக்கும் என்று சொன்ன மாதிரி அவர் தலையாட்டினார். கையிலா, கன்னத்திலா என்று மட்டும் விசாரித்தார். கையில் என்றதும், அப்படியானால் சமாளித்துவிடலாம், நாளைக்கு ஒரு காலைப் பொழுது அழைத்து வந்து உட்கார வையுங்கள், நீங்களும் பின்னால் இருந்து பாருங்கள் என்றார்.

மறுநாள் என் கணவர் லீவு போட்டார். யாரையும் கடிக்கக் கூடாது என்று வழி நெடுக மகளுக்குப் பாடம் நடத்தினார். அவளும் சரிப்பா, சரிப்பா என்று வந்தாள். வகுப்பில் பின்வரிசைக் குட்டி நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் முழங்கால் தாடையைத் தொட்டது. வாசலில் நின்ற ஆயா அங்கிருந்தே, "சார், அந்த சேர் தாங்காது. அப்பால கீழ குந்திக்கோ" என்றார். இஸ்திரி போட்ட பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தார்.

மகள் களிமண் உருட்டும் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். கொஞ்ச நேரத்தில், ஒரு குண்டுப் பையன் கையிலிருந்த சிவப்புக் களிமண்ணை வெடுக்கென்று பிடுங்கினாள். அவன் திரும்பப் பிடித்து இழுத்தான். இப்போது கடிக்கப் போகிறாள் என்று என் கணவர் முணுமுணுத்தபடி பாதி எழுந்துவிட்டார். ஆனால் கடித்தது அந்தப் பையன்.

மகள் முகத்தில் முதலில் வந்தது வலி இல்லை, திகைப்பு. தன் சொந்த வித்தையை இன்னொருவன் செய்கிறானே என்று பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள். பிறகுதான் ஓவென்று அழுதாள்.

"இந்த மாதிரிப் பிள்ளைங்களை எல்லாம் எதுக்குச் சேர்த்துக்கிறாங்க? வீட்டுல சொல்லி வளர்க்க மாட்டாங்களா?" என்றார் என் கணவர்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவருக்கே புரிந்து, மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

டீச்சர் அவனைத் திட்டவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்தார். ஈரத்துணியை அந்தப் பையனிடம் கொடுத்து, கடித்த இடத்தில் அவனையே வைத்துப் பிடிக்கச் சொன்னார். பல் பதிந்திருப்பதைக் காட்டி, வலிக்கிறது பார் என்றார். அவன் ரொம்பப் பொறுப்பாகப் பிடித்துக்கொண்டான். பிறகு எங்கள் மகளிடம், களிமண் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பாய் என்றார். அவள் விக்கலோடு, "எனக்கும் தா" என்றாள். அவன் யோசித்து, சின்னத் துண்டாகப் பிய்த்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தும் மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் கடிச்சப்போ உனக்கும் இப்படியாம்மா வலிச்சுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே விளையாடப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் எங்களுக்குள் வாக்குவாதம். அந்தப் பெரிய பள்ளியில் இப்படி நடக்காது என்றார். நடக்காதுதான், நடந்தால் முதலில் நம் பிள்ளையைத்தான் வெளியே அனுப்புவார்கள் என்றேன். கொரட்டூரில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டார். அவளோ, தன் மகன் ஸ்கூலில் வாயே திறப்பதில்லை என்றும், எல்லாவற்றையும் சேர்த்துவைத்து வீட்டுக்கு வந்து தட்டைத் தூக்கி எறிகிறான் என்றும் அரைமணி நேரம் புலம்பினாள். போனை வைத்துவிட்டு இவர், "பூந்தமல்லியே இருக்கட்டும். வேன் தேவைப்படாது" என்றார், ஏதோ வேன்தான் பிரச்சினையாக இருந்ததுபோல.

சேர்ந்த உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மகள் அதே பையனை ஒருமுறை கடித்தாள், வேறு இரண்டு பிள்ளைகளையும் கடித்தாள். ஒவ்வொரு தடவையும் ஈரத்துணி பிடித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பழக்கம் எப்போது போனது என்றே தெரியாமல் போய்விட்டது.

வருஷக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அந்தப் பையனின் அப்பா எங்களைத் தேடி வந்து, முதல் நாளே தன் மகன் கடித்துவிட்டானாமே என்று சங்கடத்தோடு வருத்தம் தெரிவித்தார். என் கணவர் அவர் தோளில் கை வைத்து, "பிள்ளைங்கன்னா அப்படித்தான் சார், விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எங்கள் மகளின் சாதனைகள் பற்றி மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்ற டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.