பெங்களூரில் இருந்த மகன்

மகனைப் பற்றி யார் கேட்டாலும் அய்யூப் ஒரே பதில்தான் சொல்வார்: "தல்ஹா பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கான்." உண்மையில் தல்ஹா இருந்தது ரமணாசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு மாடி அறையில். அத்தா அய்யூபின் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஏறினால் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிடலாம்.

அவனைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள். வெளிநாட்டு மருத்துவமனைகளின் பில்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. லேப்டாப் இருந்தால் எங்கிருந்தும் செய்யலாம். முதலில் வீட்டிலிருந்துதான் செய்தான். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே, "சும்மாதானே இருக்கே, வந்து பெயிண்ட் டப்பாவ எறக்கு" என்று அத்தா தன் பெயிண்ட் கடையிலிருந்து கூப்பிடுவார். பகலில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை வேலைவெட்டி இல்லாதவன் என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். அதை மாற்ற அவன் யார்?

அதனால் ஊரைவிட்டே கிளம்பினான். கோகர்ணம், வர்கலா, தர்மசாலா என்று சுற்றினான். பாதி நாள் வேலை, மீதி நாள் கால் போன போக்கு. எங்கே இருப்பது, எப்போது கிளம்புவது எல்லாமே அவன் முடிவு. அதில் அவன் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தான். நிலையாக ஓர் ஊரைச் சொன்னால்தான் அத்தா தூங்குவார் என்பதால் பெங்களூர் என்று சொல்லி வைத்தான்.

பிறகு அம்மா ரஹமத்துன்னிசா இறந்துபோனார். அய்யூப் தனியாளானார். அவரைத் தனியே விட தல்ஹாவுக்கு மனம் வரவில்லை. கூட இருந்தால் தன் வாழ்க்கை மறுபடி பெயிண்ட் கடைக்குள் போய்விடும் என்ற பயமும் விடவில்லை. கடைசியில் யாருக்கும் சொல்லாமல் சொந்த ஊரிலேயே, வெள்ளைக்காரர்கள் தங்கும் சந்தில், வாடகைக்கு அறை எடுத்தான். மாதம் ஒருமுறை பையை மாட்டிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவன்போல வீட்டுக்குப் போவான். கறி வாங்கித் தன் கையாலேயே சமைத்து வைத்திருப்பார் அய்யூப். உண்மை தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார் என்பதால் அவன் சொல்லவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வதும் கஷ்டமாகிவிட்டது.

ஒரு பௌர்ணமி மாலை அத்தா போன் செய்தார். தல்ஹா ஜன்னலைச் சாத்தாமல் எடுத்துவிட்டான். கிரிவலக் கூட்டத்துக்கான மைக் சத்தம் உள்ளூர்க்காரன் காதில் ஏறாது. வெளியே போலீஸ் மைக் கத்திக்கொண்டிருந்தது: "செஞ்சியிலிருந்து வந்த திரௌபதி அம்மாள் எங்கிருந்தாலும் ரமணாசிரமம் எதிரிலுள்ள உதவி மையத்துக்கு வரவும்." அது போன் வழியாக அய்யூப் காதிலும் விழுந்தது. பிறகு, "சாப்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மறுநாள் டீக்கடைகளில் மகனின் போட்டோவைக் காட்டி விசாரித்துக்கொண்டே வந்து, மாடியேறிக் கதவைத் தட்டினார். தல்ஹா திறந்தான்.

"உள்ள வாங்கத்தா."

"வேணாம்பா. வேலை நேரம். நான் ஒண்ணும் உன்னக் கூப்புட வரல." படியேறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. "நீ எங்க இருக்கணும்னு நெனைக்கிறியோ அங்கயே இரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்."

"சொல்லுங்கத்தா."

"நாளைக்கு நான் கண்ண மூடி மவுத்தாயிட்டா, பையன் பெங்களூர்லருந்து வரணும்னு மய்யித்த அடக்காம வெச்சிக்கிட்டு எல்லாரும் காத்துக் கெடப்பாங்க. இங்கதான் இருக்கேன்னு ஜமாத்துல யாராவது ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லி வை."

தல்ஹா கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அய்யூப் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, உள்ளே போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.