டைம் ஆபீஸ் நாற்காலி

ரிட்டயர் ஆன அன்று கையில் மைக்கைக் கொடுத்து, கம்பெனியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். நன்றி என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன். கேட்க நன்றாக இருக்காது.

நல்லதும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அந்த ஆலை வந்தது. இரும்பைக் காய்ச்சி, கட்டடத்துக்குக் கம்பியாக உருட்டும் ஆலை. எனக்கு டைம் ஆபீஸில் கிளார்க் வேலை. வேலை கிடைத்த அந்த ஞாயிற்றுக்கிழமையே சர்ச்சில் என் அப்பாவுக்கு முன் பெஞ்சில் இடம் கிடைத்தது. அதுவரை அவர் வெறும் பள்ளிக்கூட வாத்தியார். அன்றிலிருந்து கம்பெனிக்காரனுடைய அப்பா. கேன்டீனில் புதன்கிழமை முட்டை உண்டு. உலைக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய டிரம்மில் மோர் வரும். காக்கிச் சட்டையோடு மளிகைக் கடையில் நின்றால் கடைக்காரர் நம்மைத்தான் முதலில் கவனிப்பார். இதெல்லாம் பிடிக்காது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

பிடிக்காதது என்ன என்று கேட்டால் எல்லோரும் உலைச் சூட்டைச் சொல்வார்கள். நான் கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த ஒரு கரும்பலகையைச் சொல்வேன்.

'விபத்தில்லாத நாட்கள்' என்று அதன் மேல் வெள்ளை பெயின்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே எண்ணை எழுதுவது என் வேலை. தினமும் காலையில் பழைய எண்ணை அழித்து, ஒன்று கூட்டி சாக்பீஸால் எழுத வேண்டும். முழுசாக ஒரு வருஷம் விபத்தே இல்லாமல் போனால் ஆளுக்கு ஓர் எவர்சில்வர் குடம் என்று மேனேஜ்மென்ட் அறிவித்திருந்தது. நாங்கள் உருட்டியதோ கறுப்புக் கம்பி. குடம் எங்கிருந்தோ வாங்கித்தான் வர வேண்டும். ஆனாலும் எழுபதுகளின் தொடக்கத்தில் எவர்சில்வர் குடம் என்றால் சும்மாவா? என் மனைவி அடுப்படியில் அதற்கென்று இடத்தை ஒழித்தே வைத்துவிட்டாள்.

விபத்து எது என்பதற்கு அவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். அடிபட்டவன் அடுத்த ஷிப்ட்டுக்கு வரவில்லை என்றால்தான் அது விபத்து. வந்துவிட்டால் வெறும் முதலுதவி. எழுதிய புண்ணியவானின் கையை ஒடிக்க வேண்டும்.

முந்நூற்று நாற்பத்தைந்தாம் நாள் என் அண்ணனுக்கு அடிபட்டது. கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் இரும்புலியூரில் அடுத்த தெருக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். இரண்டு பேரும் தினமும் சேர்ந்துதான் சைக்கிள் மிதித்துப் போவோம். உருளையிலிருந்து சிவக்கச் சிவக்க வெளியே வரும் கம்பியை இடுக்கியால் பிடித்து மறு உருளைக்குள் திருப்பி விடுகிற வேலை அவருக்கு. கேட்டுக்கு வெளியே என்னை "இன்னாபா" என்பார், கேட்டைத் தாண்டினால் "சார்." வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "உள்ள வந்தா நீ ஆபீஸ் ஆளு" என்று சிரிப்பார்.

அன்று ஒரு கம்பி தடம் மாறிப் பாய்ந்து, அவருடைய இடது கணுக்காலில் சுற்றிக்கொண்டது. காலில் கட்டியிருந்த சாக்கும் ஷூவும் சேர்ந்தே வெந்துபோயின. களிம்பு தடவி, துணி சுற்றி, வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை கம்பெனி ஜீப் இரும்புலியூருக்குப் போனது. இரண்டு பேர் அவரைத் தூக்கி வந்து டைம் ஆபீஸில் எனக்கு எதிரே இருந்த மர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சேப்டி ஆபீசர் கூடவே வந்து, "இவர் கார்டை நீங்களே அடிச்சிடுங்க" என்றார். ஒருவர் கார்டை இன்னொருவர் அடித்தால் சஸ்பெண்ட் என்ற நோட்டீஸ் அதே சுவரில்தான் ஒட்டியிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். நான் அவருடைய வருகைக் கார்டை மெஷினில் விட்டு அடித்தேன். மணி அடித்துக் கார்டில் நேரம் விழுந்தது. ஆள் வேலைக்கு வந்தாயிற்று, விபத்து இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் ஜீப்பில் கொண்டுவருவதும் சாயங்காலம் கொண்டுபோய் விடுவதும் இப்படியே நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நாங்கள் மறைத்தது ஒரு மனிதன் காலை.

அண்ணன் அன்று சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "பாத்தியா சார், மேனேஜர் கணக்கா ஜீப்புல வந்துகினு கீறேன்!" என்றார். உலைப் பக்கத்து ஆட்கள் இடைவேளையில் வந்து மோர் கொடுத்துவிட்டுப் போனார்கள். "இன்னும் இருபது நாள்தான் அண்ணாத்த, தாங்கிக்கோ" என்று தோளைத் தட்டினார்கள். அடப்பாவிகளா, குடத்துக்காகவாடா? ஆனால் அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? தினமும் பலகையில் எண்ணைக் கூட்டியவன் நான்தானே.

நாலாவது நாள் கால் யானைக்கால்போல வீங்கியது. வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற டாக்டர் பார்த்துவிட்டு, காலைத் தொங்கப் போடவே கூடாது, உயரத் தூக்கி வைக்க வேண்டும் என்றார். நான் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு அதன்மேல் காலை வைத்தேன். மத்தியானம் சேப்டி ஆபீசர் வந்தார். ஸ்டூலைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "வெளியாள் யாராவது வந்தா கண்ணுல படும். காலை டேபிளுக்கு அடியில விட்டுக்கட்டும்" என்று சொல்லி ஸ்டூலைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆளை அன்றைக்கே சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு நாள் மிச்சம் இருந்தபோது அவருடைய மனைவி கேட்டுக்கு வந்தார். ஊரில் என்னை எப்போதும் "தம்பி" என்று கூப்பிடுகிறவர். அன்று கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சார்" என்றார்.

"சார், காலு நாத்தம் அடிக்குது சார். ராத்திரி எல்லாம் பொணாத்திக்கினே கீறாரு. லீவு குடுங்க சார், பெரியாஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் ஆறு நாள்தான் அண்ணி. நடுவுல லீவு போட்டா எல்லாருக்கும் போயிடும். அப்புறம் அண்ணனைத்தான் எல்லாரும் ஏசுவாங்க." நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை நான் ஆயிரம் தடவை விழுங்கப் பார்த்திருக்கிறேன். இறங்க மாட்டேன் என்கிறது.

ஒரு வருஷம் முடிந்த அன்று ஷாமியானா போட்டு, மைக் வைத்து, பெரிய முதலாளியே வந்து குடம் கொடுத்தார். அண்ணனையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முன் வரிசையில் வைத்தார்கள். அவர் மடியில் குடத்தை வைத்தபோது எல்லோரும் கை தட்டினோம். காய்ச்சலில் அவர் கண் சொருகிக்கொண்டிருந்தது.

மறுநாள் லீவு கொடுத்துவிட்டார்கள். தாராளமாக! பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரெண்டு வாரத்துக்கு முன்னே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம்.

கட்டையை ஊன்றிக்கொண்டு கம்பெனிக்கு வந்து அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த நாற்காலியையே குடுங்க சார். உக்காந்த எடத்துல இன்னா வேலை சொன்னாலும் செய்றேன்." உட்கார்ந்து பார்க்கிற வேலை ஆலையில் காலி இல்லை என்று பதில் வந்தது. இருபது நாள் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எனக்கு எதிரே காலியாகத்தான் கிடந்தது. ஆலையில் இவருக்கு விபத்தே நடக்கவில்லை, வீட்டில் ஏதோ புண் வந்து முற்றியிருக்கிறது என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

நஷ்டஈடு கேட்டு அவர் அரசாங்க லேபர் ஆபீசுக்குப் போனார். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கிளம்புவதற்கு முன்னால் சேப்டி ஆபீசர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்" என்றார். பொய் சொல்லு என்று அவர் சொல்லவில்லை.

லேபர் ஆபீசர் கார்டுகளை வரிசையாகப் பரப்பினார். "இந்த இருபது நாளும் இவர் வேலைக்கு வந்தாரா?"

"வந்தார் சார்."

"கார்டு சரிதானே?"

"சரி சார்."

அவ்வளவுதான் கேட்டார். நானும் அவ்வளவுதான் சொன்னேன். ஜீப் வந்ததையும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனதையும் யார் கேட்டார்கள்? அந்தக் கார்டுகளை அடித்தது என் கை என்று சொன்னால் என் வேலை போயிருக்கும். அப்பாவின் முன் பெஞ்சும் போயிருக்கும். எனக்கு அதுதான் பெரிசாக இருந்தது. தூ!

வெளியே வந்ததும் அண்ணி என்னை விடவில்லை. "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சினு இருந்தே? நீதானே தெனம் அடிச்சே? தெனம் அந்தக் காலைப் பாத்துகினு தானே குந்தியிருந்தே?" ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். அண்ணன்தான் அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"வுடும்மே. வந்தேனான்னு கேட்டாங்க. வந்தேன்தானே? சார் இன்னா பொய்யா சொன்னாரு?"

கேட்டுக்கு வெளியே அவர் என்னை சார் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் காலை தனியாக சைக்கிள் மிதித்து வேலைக்குப் போனேன். சாக்பீஸை எடுத்து, பலகையில் இருந்த எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுதினேன்.