சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை. பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருப்பேன். என் தங்கை பரீதா போனை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"காக்கா, இதப் பாருங்க. கோடு அப்படியேதானே இரிக்கி?"

பார்த்தேன். ஒரு விமான நிறுவனத்தின் இணையப் பக்கம். நீல உலகப் படத்தில் ஒரு வளைகுடா நகரம். அதிலிருந்து எல்லாத் திசைக்கும் சிவப்புக் கோடுகள் – மேலே தபூக்குக்கு ஒன்று, கடலைத் தாண்டிக் கொழும்புக்கு ஒன்று.

கோடு இருந்தது. நிறுவனம்தான் இல்லை. அன்று காலையில் மூடிவிட்டதாக அறிவித்துவிட்டார்கள்.

வேறு நாளாக இருந்தால் பத்திரிகைக்காரனான எனக்கு இது ஒரு செய்தி. இரண்டு இடத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு நாலு வரி எழுதியிருப்பேன். ஆனால் பரீதாவின் கணவர் நிஸார் அந்தக் கோட்டின் நடுவில் இருந்தார். சவூதியில், தபூக்கில் லொறி ஓட்டுகிறவர். மூன்று வருடத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிறார். முதல் விமானம் அவரை அந்த வளைகுடா நகரத்தில் இறக்கிவிட்டது. அடுத்த விமானம் கிடையாது. விசா இல்லாததால் விமான நிலையத்தை விட்டு வெளியேறவும் முடியாது.

"கோடு அழியல்லண்டா ப்ளேன் இரிக்கும்தானே, காக்கா?"

"இரிக்கும்" என்றேன்.

இத்தனை வருடத் தொழிலில், பொய் என்று தெரிந்தே நான் வெளியிட்ட ஒரே செய்தி அதுதான்.

வாசலில் வேன் நின்றது. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்தால் எங்கள் பக்கத்தில் அவரைத் தனியாக வரவிடுவதில்லை. கல்முனையிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வேன் போகும். மாமி, மச்சி, பிள்ளைகள் என்று வேன் நிறையச் சனம் போகும். வருகிறவருக்கும் ஒரு கடமை உண்டு – கையில் கொண்டுவரும் பையை வேனுக்குள்ளேயே திறக்க வேண்டும். கயிறு கட்டிய பெரிய பெட்டியை வீட்டில் பிரிக்கலாம், அவசரமில்லை. ஆனால் கைப்பை வேனுக்குச் சொந்தம். அதற்குள் சொக்லட் இல்லாவிட்டால் பிள்ளைகள் முகம் கொடுக்க மாட்டார்கள்.

இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். அன்று பகல் இரண்டு மணிவரை பிடித்திருந்தது.

இரண்டு மணிக்கு நிஸாரிடமிருந்து போன் வந்தது.

"மச்சான், கவுண்டர்ல ஒரு மனிசனும் இல்ல. போர்டையும் கழட்டிக்கிட்டுப் போறானுகள்."

"சாப்பிட்டீங்களா?"

"அத விடுங்க. என்ட ஊசி பெட்டிக்குள்ள போயிட்டு."

நிஸாருக்கு நீண்ட நாளாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். விடியற்காலை விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை ஊசி தப்பிவிட்டது. மருந்துப் பையோ கயிறு கட்டிய பெட்டிக்குள். கைப்பையில் இடமில்லையாம்... சொக்லட் நிறைந்திருந்ததாம்.

"பெட்டி எங்க?"

"ஆருக்குத் தெரியும்? அதக் கேக்கத்தான் ஆளில்லயே."

"மச்சான், பசிச்சாலும் அந்தச் சொக்லட்ட மட்டும் தின்றாதீங்க."

"ரெண்டு திண்டுட்டன். கடைக்குக் கிட்டப் போகேலாது, அவ்வளவு சனம்."

அதன் பிறகு அரை மணிக்கு ஒரு தடவை பேசினோம். மூன்று மணிக்குத் தாகம் என்றார். மூன்றரைக்கும் தாகம் என்றார். நாலு மணிக்கு, "கொழும்புக்கு வந்திட்டனா மச்சான்?" என்று கேட்டார். சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. டொக்டரிடம் போங்கள், பக்கத்தில் நிற்கிறவரிடம் போனைக் கொடுங்கள் என்று கத்தினேன். "ஓம், ஓம்" என்றார். ஆனால் கொடுக்கவில்லை.

பிறகு அவர் போன் வேலை செய்யவில்லை.

நான் தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்தேன். விமான நிறுவனத்தின் இலக்கத்தில் ஒரு பெண் குரல், எங்களைத் தெரிவுசெய்தமைக்கு நன்றி சொல்லிவிட்டு இசை போட்டது. ஒரு நிறுவனம் செத்த பிறகும் அதன் இசை ஓடிக்கொண்டிருக்கும் என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

வேனில் ஏறியிருந்த யாரும் இறங்கவில்லை. இறங்கினால் போகாத வேனாகிவிடும் என்று பயந்தார்களோ? சோற்றுப் பார்சல்கள் மடியில் ஆறிக்கொண்டிருந்தன. சாரதி மெதுவாக ஏசியை நிறுத்தினான். உள்ளேயிருந்து மாமி, நிஸாரின் உம்மா, மரணவேளையில் ஓதுகிற யாஸீனைத் தாழ்ந்த குரலில் ஓதத் தொடங்கினார்.

பரீதா வேன் கதவை இழுத்துத் திறந்தாள்.

"நிப்பாட்டுங்க மாமி! அவர் இன்னும் மவுத்தாகல்ல!"

"புள்ள, சும்மாவும் ஓதலாம்தானே..."

"இப்ப வேணாம். வேற என்னத்தையாச்சும் ஓதுங்க."

மாமி வாயை மூடிக்கொண்டார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் ஒரே நினைப்புத்தான் என்பது அந்தப் பார்க்காமையில் தெரிந்தது.

ஐந்தே முக்காலுக்குப் பரீதாவின் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு இலக்கம். எடுத்தவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"உயிரோட இரிக்காரா?"

"இரிக்காரு அக்கா, இரிக்காரு. பயப்படாதீங்க." இளம் குரல். "நானும் கல்முனைப் பக்கம்தான், பெரியநீலாவணை. இஞ்ச கிளீனிங் வேல. உங்கட ஆள் கதிரையில சரிஞ்சு கிடந்தாரு. குடிச்சிட்டாரெண்டு எல்லாரும் விலகிப் போனாங்க. நான் பையப் பார்த்தன்."

கைப்பையின் பக்கத்தில், மார்க்கரால் கொட்டை எழுத்தில், நிஸாரின் பெயர், கல்முனை, பரீதாவின் போன் இலக்கம். பெட்டிக்கும் பைக்கும் இப்படி எழுதாமல் எங்கள் ஆட்கள் புறப்படுவதில்லை. பார்க்க நன்றாயில்லை என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

"டொக்டரிட்டக் கொண்டுபோய் மருந்து ஏத்துறாங்க. இப்ப கண் முழிச்சிட்டாரு. அந்தப் பையத்தான் தரமாட்டன் எண்டு நிக்காரு அக்கா. வேனுக்காம்."

பரீதா அப்படியே வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். மாமி சத்தமாக ஓதத் தொடங்கினார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை.

நிஸார் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். வேறு இரண்டு நிறுவனங்கள், நடுவில் இன்னொரு நகரம். எந்தப் படத்திலும் இல்லாத ஒரு கோணல் வழி. அதே வேன் போனது. கைப்பை வேனுக்குள்தான் திறக்கப்பட்டது. பெட்டி இன்னும் வரவில்லை.

இந்தக் கரையில் எத்தனையோ வீடுகள் அப்படி ஒரு கோட்டின் நுனியில் தொங்குகின்றன. கோடு இருந்தால் வழி இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். கோட்டை வரைந்தவன் இருக்கிறானா என்று யார் பார்க்கிறோம்?

நேற்று அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிவப்புக் கோடுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. தபூக்கைத் தொட்டேன், கொழும்பைத் தொட்டேன். ஒரு சின்னப் பெட்டி திறந்து மரியாதையாகக் கேட்டது:

ஒருவழிப் பயணமா, திரும்பி வருவீர்களா?